சமூகச் சோம்பல்

சமூகச் சோம்பல் என்பது, தனியாக ஒரு வேலையைச் செய்யும்போது காட்டும் முயற்சியைவிடப் பலரோடு சேர்ந்து அதே வேலையைச் செய்யும்போது ஒருவர் குறைவான முயற்சியைக் காட்டும் போக்காகும். சமூக உளவியலின் அடிப்படைக் கருத்துகளுள் இதுவும் ஒன்று. பெரும்பாலும் இது திட்டமிட்ட ஏமாற்று வேலை அன்று. தம் முயற்சி குறைந்திருப்பதை அவரே உணராமலும் இருக்கலாம்.

பிறருடைய இருப்பு ஒருவரின் எண்ணத்தையும் நடத்தையையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதைச் சமூக உளவியல் ஆராய்கிறது. ஒருவரிடம் நிலையாகக் காணப்படும் இயல்புகளை ஆளுமை உளவியல் ஆராய்கிறது. “அவன் வேலை செய்யாததற்குக் காரணம் அவன் குணமா, சூழ்நிலையா?” என்ற கேள்வியில் இவ்விரு துறைகளும் சந்திக்கின்றன.

கயிறு இழுக்கும் சோதனை

விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டுதோறும் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் கோயில் தேரோட்டம் நடைபெறுகிறது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்க, பெரிய தேர் ரத வீதிகளைச் சுற்றி வந்து நிலை சேர்கிறது. இவ்வாறு பலர் ஒரே கயிற்றை இழுக்கும்போது ஒவ்வொருவரும் தம் முழு வலுவையும் கொடுக்கிறார்களா? இக்கேள்வியே சமூகச் சோம்பல் பற்றிய ஆய்வின் தொடக்கமாக அமைந்தது.

பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியியல் பேராசிரியர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1880களில் மாணவர்களைக் கயிறு இழுக்கச் செய்து விசையை அளந்தார். முடிவுகளை 1913இல் வெளியிட்டார். தனியாக இழுப்பவரின் விசையை 100 என்று கொண்டால், குழுவில் ஒருவருக்குக் கிடைத்த சராசரி பின்வருமாறு இருந்தது.

இருவர் இழுத்தபோது: 93
மூவர் இழுத்தபோது: 85
எட்டுப் பேர் இழுத்தபோது: 49

அதாவது, எட்டுப் பேர் சேர்ந்து ஏறத்தாழ நான்கு பேரின் வேலையையே செய்தனர்.

ஒருங்கிணைப்பு இழப்பும் முயற்சி இழப்பும்

இந்தக் குறைவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, எல்லோரும் ஒரே நொடியில், ஒரே திசையில் இழுக்காததால் விசை வீணாவது. இது ஒருங்கிணைப்பு இழப்பு. தேரோட்டத்தில் “கோவிந்தா” என்ற முழக்கத்தோடு சேர்ந்து இழுப்பது இந்த இழப்பைக் குறைக்க உதவுகிறது. இரண்டாவது, ஒவ்வொருவரும் உண்மையிலேயே குறைவாக இழுப்பது. இது முயற்சி இழப்பு. இதுவே சமூகச் சோம்பல்.

இரண்டையும் பிரித்தறிய ஆலன் இங்காம் குழுவினர் 1974இல் ஒரு வழி கண்டனர். பங்கேற்பவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்பகுதியில் நிறுத்தினர். பின்னால் மற்றவர்களும் இழுப்பதாக அவரை நம்ப வைத்தனர். உண்மையில் வேறு யாரும் இழுக்கவில்லை. ஒருங்கிணைப்புச் சிக்கலுக்கே இடமில்லாத இந்நிலையிலும் அவருடைய விசை குறைந்தது.

அமெரிக்க உளவியலாளர்களான பிப் லட்டானே, கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் ஆகியோர் 1979இல் கைதட்டல், கூச்சல் ஆகியவற்றைக் கொண்டு இதே சோதனையைச் செய்தனர். இன்னும் ஒருவர் தன்னோடு கத்துகிறார் என்று நம்பியவர், தனியாகக் கத்தியதில் 82 விழுக்காடு அளவே கத்தினார். ஐந்து பேர் உடன் கத்துவதாக நம்பியபோது அது 74 விழுக்காடாகக் குறைந்தது.

ஏன் நிகழ்கிறது?

தனி அளவீடு இல்லாமை: அவரவர் பங்கு தனியாகத் தெரியாதபோது பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. அவரவர் பங்கு அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் சோம்பல் பெரிதும் மறைவதை 1981ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது.

பங்கு தேவையில்லை என்ற எண்ணம்: “நான் ஒருவன் இழுக்காவிட்டால் தேர் நின்றுவிடுமா?” என்ற நினைப்பு முயற்சியைக் குறைக்கிறது.

ஏமாளி ஆகிவிடக் கூடாது என்ற அச்சம்: மற்றவர்கள் சும்மா இருக்கத் தான் மட்டும் உழைப்பதாக உணர்பவர் தானும் கையைத் தளர்த்துகிறார். நார்பர்ட் கெர் 1983இல் இதனை விளக்கினார்.

பிறர் முன்னிலையில் முயற்சி கூடுவதும் உண்டு. மிதிவண்டிப் பந்தய வீரர்கள் போட்டியாளர்களோடு ஓட்டும்போது வேகம் கூடுவதை 1898இல் நார்மன் டிரிப்லெட் எடுத்துக்காட்டினார். இது சமூக ஊக்கம் எனப்படும். பந்தயத்தில் ஒவ்வொருவரின் வேகமும் தனியே தெரிகிறது. கயிறு இழுப்பதில் எல்லோரின் விசையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. இவ்வேறுபாடே முக்கியமானது.

உள்ளூர் எடுத்துக்காட்டுகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்ற நகரம். ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கப்பட்டது. நூற்பாலையின் ரிங் ஃப்ரேம் எந்திரங்களில் ஒரு ஷிப்டில் எவ்வளவு நூல் ஓடியது என்பதைக் காட்டும் மீட்டர் உண்டு. யார் பார்த்த எந்திரத்தில் எவ்வளவு உற்பத்தி என்பது தெளிவாகத் தெரியும். ஷிப்டு முடிவில் எல்லோரும் சேர்ந்து துப்புரவு செய்யும் வேலைக்கு அத்தகைய மீட்டர் இல்லை. அதே தொழிலாளர், அதே குணம். ஆனால் சோம்பலுக்கு வாய்ப்பு இரண்டாவது வேலையில்தான் அதிகம்.

பால்கோவாவுக்குப் பெயர் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் பால் மாடு வளர்ப்பு முக்கியமான தொழில். கூட்டுறவுப் பால் சங்கங்களில் எல்லோருடைய பாலும் பின்னர் ஒன்றாகக் கலந்தாலும், கலப்பதற்கு முன்பே ஒவ்வொரு உறுப்பினரின் பாலும் அளவும் கொழுப்புச் சத்தும் பார்க்கப்பட்டுக் கணக்கில் ஏறுகிறது. கூட்டு முயற்சியில் தனிப் பங்கைத் தெரியச் செய்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தேரோட்டத்தில் எவருடைய விசையையும் யாரும் அளப்பதில்லை. ஆயினும் வடம் பிடிப்பதையே பக்தர்கள் பேறாகக் கருதுகின்றனர். இழுப்பதன் பயன் தேர் நிலை சேர்வதில் மட்டுமன்றி, இழுக்கும் செயலிலேயே இருக்கிறது. ஸ்டீவன் காரவும் வில்லியம்ஸும் 1993இல் 78 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, வேலை தமக்குப் பொருளுடையது என்று கருதுவோரிடம் சோம்பல் குறைவதைக் கண்டனர். தம் குழுவைத் தமதாக உணர்வதும் இதில் முக்கியம். கிறிஸ்டோபர் ஏர்லி 1993இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டு மனப்பான்மை மிகுந்தவர்கள் அறிமுகமில்லாக் குழுவில் இருந்தபோதைவிடத் தம்மவர் குழுவில் இருந்தபோது சிறப்பாகச் செயல்பட்டனர்.

ஆளுமையின் பங்கு

சூழ்நிலை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. கடமையுணர்வு என்னும் ஆளுமைப் பண்பு மிகுந்தவர்களிடம் சமூகச் சோம்பல் குறைவாகக் காணப்படுகிறது. சிலர் மற்றவர்களின் குறையை ஈடுசெய்யக் கூடுதலாகவும் உழைக்கின்றனர். நடத்தை என்பது ஆளையும் சூழலையும் சேர்ந்தே அமைகிறது என்று 1936இல் குர்ட் லெவின் கூறியது இங்குப் பொருந்தும்.

ஆனால் பிறரை எடைபோடும்போது நாம் சூழலை மறந்து குணத்தையே காரணமாகச் சொல்லிவிடுகிறோம். 1977இல் லீ ராஸ் இதற்கு அடிப்படைக் காரணங்கூறல் பிழை என்று பெயரிட்டார்.

வகுப்பறையில் இதன் விளைவு

ஐந்து மாணவர்களுக்கு ஒரே செயல்திட்டம், ஐவருக்கும் ஒரே மதிப்பெண் என்ற ஏற்பாட்டில் ஒருவரோ இருவரோ முழு வேலையையும் செய்து முடிப்பது வழக்கமாகிறது. உழைத்தவர் அடுத்த முறை கையைத் தளர்த்துகிறார். ஒதுங்கியிருந்தவர் “சோம்பேறி” என்ற பெயரைச் சுமக்கிறார். இருவருக்குமே இது இழப்பு. இதைத் தவிர்க்கப் பின்வரும் வழிகள் உதவும்.

குழுவைச் சிறியதாக அமைத்தல்.
யார் எப்பகுதியைச் செய்வது என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்தல்.
குழு மதிப்பெண்ணோடு தனி மதிப்பெண்ணும் வழங்குதல்.
ஒவ்வொருவரின் பங்கும் இல்லாமல் வேலை நிறைவுறாதபடி பகிர்தல்.
வேலையின் பயனை அனைவரும் உணரும்படி விளக்குதல்.

ஒரு மாணவரைச் சோம்பேறி என்று முடிவு செய்வதற்கு முன், அவருடைய பங்கு என்ன என்பது அவருக்கும் மற்றவர்களுக்கும் தெளிவாகத் தெரிந்திருந்ததா என்று பார்ப்பது முறையாகும்.