கக்கூசுக்கும் கிணற்றுக்கும் நடுவே

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் கக்கூஸ் இல்லாத வீடு இன்று அரிது. வெளியில் ஒதுங்கும் வழக்கம் ஒழிந்ததாகக் கேரளத்தின் கிராமப்புறம் 2016 நவம்பர் 1 அன்று அறிவிக்கப்பட்டது. பெரிய காரியம்தான். ஆனால் தண்ணீர் ஊற்றியபின் கழிவு எங்கே போகிறது என்று நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை.

அந்த இடத்தில்தான் ரோமானியர்கள் சறுக்கினார்கள். ஓஸ்தியா துறைமுக நகரில் இருபது பேர் வரிசையாக உட்காரக்கூடிய கல் கழிப்பிடம் இன்றும் இருக்கிறது. இருக்கைக்கு அடியில் வாய்க்கால் ஓடும். அப்படியும் அவர்கள் வயிற்றில் உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் குறையவில்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் பியர்ஸ் மிட்செல் 2016-இல் காட்டினார். நகரத்து மலம் சரியாக மக்காமல் வயலுக்கு உரமாகப் போய், காய்கறியோடு வீடு திரும்பியிருக்கலாம் என்பது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று.

நம் பக்கத்தில் கழிவு திரும்பி வரக்கூடிய வழி கிணறு. ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலத்தில் வீடு, கிணறு, கழிவுக் குழி மூன்றும் அடங்கியாக வேண்டும். பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றுக்கு இன்னும் அருகில் இருக்கலாம். இடவப்பாதியிலும் துலா மழையிலும் நிலத்தடி நீர் மேலேறும். குழியின் அடிமட்டத்தை அது தொட்டுவிட்டால், கிருமியை வடிகட்ட நடுவில் காய்ந்த மண் இருக்காது. வெட்டுக்கல் நிலத்தில் துளைகளும் வெடிப்புகளும் உண்டு; நீர் அவற்றின் வழியே வேகமாகப் போய்விடும். குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 7.5 மீட்டர் வேண்டும் என்று கேரளக் கட்டட விதி சொல்கிறது. அது குறைந்தபட்சம்தான், இடம் இருந்தால் இன்னும் தள்ளியே வெட்டுங்கள்.

செப்டிக் டேங்க் கட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பது தவறு. அதில் கசடு அடியில் தங்கும், மேலே வரும் நீர் வெளியேறும். அந்த நீரில் கிருமி நிறையவே இருக்கும். அதை உறிஞ்சு குழிக்குத்தான் விட வேண்டும், ஓடைக்கு அல்ல. கசட்டை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், உயிரும் போகும். லாரியை அழைக்கும்போது கசடு எங்கே கொட்டப்படும் என்று கட்டாயம் கேளுங்கள். இரவோடு இரவாக ஆற்றோரத்தில் கொட்டினால் அது யாரோ ஒருவர் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். திருவனந்தபுரம் முட்டத்தறையில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இரட்டைக் குழி நல்லது. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதுக்குத் திருப்புவார்கள். மூடியது இரண்டு ஆண்டு கிடந்தால் வாடையில்லாத உரமாகிவிடும். ரோமானியர் கொடுக்காத அவகாசம் அதுதான். ஆனால் நிலத்தடி நீர் மேலே இருக்கும் தாழ்ந்த நிலத்துக்கு இது ஒத்துவராது.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் இடவப்பாதிக்கு முன்பே குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை நாடா வைத்து அளந்து பாருங்கள். தூரம் குறைவென்றால் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்து ஈ.கோலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், ஆயிரம் லிட்டர் கிணற்று நீருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விட வேண்டும். புழு முட்டைக்கு அது போதாது. குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே தீர வேண்டும்.