மழை மறைவில் ஒரு பள்ளத்தாக்கு: மாயாற்றின் நிலமும் உயிர்களும்

நீலகிரி மலைத்திரளின் வடக்கு அடிவாரத்துக்கும், மைசூர்ப் பீடபூமியின் தெற்கு விளிம்பாக அமைந்த தலமலைக் குன்றுகளுக்கும் இடையே, மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு கிடக்கும் தாழ்நிலமே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையிலிருந்து வடக்கே பார்த்தால், 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வளைந்து செல்லும் ஆறும், அதன் கரையில் தெங்குமரஹாடா கிராமத்தின் வயல்களும், அவற்றைச் சூழ்ந்த பழுப்பு நிற முட்காடும் தெரியும். ஊட்டிக்கு ஆண்டுதோறும் வந்து செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத இந்த நிலம், தென்னிந்தியக் காட்டுயிர் வரைபடத்தில் தவிர்க்க முடியாத இடத்தைப் பெற்றிருக்கிறது. இதன் ஆற்றில் ஓடும் நீரில் பெரும்பகுதி இங்கே பெய்த மழை அன்று. இங்கே நடமாடும் யானைகளும் ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கி வாழ்பவை அல்ல. உயிர் வெளியிலிருந்து வந்து சேரும் இந்த நிலத்துக்குக் கேடும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது என்பதை இதன் இயற்கை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பாறை வகுத்த பாதை

நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கடினமான உருமாற்றப் பாறையால் ஆனது. பூமியின் மேலோட்டுக்கு வெகு ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான இப்பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இம்மலைத்திரளை வடக்கில் மாயாற்றுப் பிறழ்வு மண்டலமும், தெற்கில் பவானிப் பிறழ்வு மண்டலமும் எல்லைகட்டி நிற்கின்றன. பிறழ்வு மண்டலம் என்பது, பூமியின் மேலோட்டின் இரு பெரும் துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்ததால், இடைப்பட்ட பாறைகள் நசுங்கியும் இழுபட்டும் வலுவிழந்து போன நீண்ட பட்டையைக் குறிக்கும். வலுவிழந்த பாறையை அரிப்பது ஆற்றுக்கு எளிது என்பதால், மாயாறு இப்பட்டையைத் தொடர்ந்தே கிழக்கு நோக்கி ஓடுகிறது. முதுமலைக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அது குறுகிய, செங்குத்தான பாறைப் பிளவுக்குள் பாய்கிறது. அப்பிளவைத் தாண்டியதும் நிலம் விரிந்து, பவானிசாகர் நீர்த்தேக்கம் வரை அகன்ற தாழ்வெளியாக மாறுகிறது. பிளவுக்கும் நீலகிரிச் சரிவுக்கும் நடுவே, மசினகுடி, மாவனல்லா, ஆனைகட்டி, சிறியூர் முதலிய ஊர்களைத் தாங்கி நிற்கும் மேட்டுநிலம் சீகூர்ப் பீடபூமி எனப்படுகிறது.

இந்நிலத்தின் வறட்சிக்கும் மலையே காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று, நீலகிரியின் மேற்குச் சரிவுகளில் மோதி மேலெழுந்து தன் மழையைப் பொழிந்துவிட்டு, வடகிழக்குச் சரிவில் இறங்கும்போது உலர்ந்த காற்றாகவே வருகிறது. இவ்வாறு மலைக்குப் பின்னே மழை குன்றிப்போகும் பகுதியை மழை மறைவுப் பகுதி என்பர். மேற்கு நீலகிரியின் சில இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்ய, மாயாற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில் அது 1,000 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அதிலும் கணிசமான பங்கு அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழையாகக் கிடைப்பதாகும்.

வந்து சேரும் நீர்

வறண்ட நிலத்தின் நடுவே ஆண்டின் பெரும்பகுதியும் நீரோடும் ஆறு இருப்பதற்குக் காரணம், அதன் தலைப்பகுதி நீலகிரியின் மேல்தட்டில், மழைவளம் மிக்க பைக்காரா நீர்ப்பிடிப்பில் அமைந்திருப்பதே. 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம், மேல்தட்டின் நீரைக் குழாய்கள் வழியே மலையடிவாரத்திலுள்ள சிங்காராவுக்கு இறக்கியது. அங்கிருந்து வெளியேறும் நீர் மரவகண்டியில் தேக்கப்பட்டு, 1950-களின் தொடக்கத்தில் அமைந்த மாயாறு மின்நிலையத்தில் மீண்டும் பயன்பட்டு, அதன் பிறகே ஆற்றில் கலக்கிறது. ஆகவே ஆற்றின் அன்றாட நீர்மட்டத்தை மழை மட்டுமன்றி மின்தேவையும் முடிவு செய்கிறது. பள்ளத்தாக்கில் ஒரு துளி மழையும் இல்லாத நாளில்கூட ஆற்றில் வெள்ளம் வருவதும், தெங்குமரஹாடா மக்கள் பரிசலில் கடக்க முடியாமல் கரையிலேயே காத்திருக்க நேர்வதும் இதனால்தான்.

இந்த ஆறு அரிய மீன் ஒன்றின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்றாகவும் விளங்குகிறது. காவிரிப் படுகைக்கு மட்டுமே உரியதும், 50 கிலோவையும் தாண்டி வளரக்கூடியதுமான திமில்முதுகு மஹசீர், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெருமீன். தூண்டில்காரர்களிடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புகழ்பெற்றிருந்தும், அறிவியல் பெயர் உறுதி செய்யப்படாத மீனாகவே அது நெடுங்காலம் இருந்துவந்தது. மாயாற்றில் பிடிக்கப்பட்ட மீன்களை ஆராய்ந்த அறிஞர்கள், கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவியே இது என்று 2018-இல் நிறுவினர். அதே ஆண்டில் அது உலக அளவில் மிகவும் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் உறுதியாகாத உயிரினத்தை, அழியும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் பொதுவாக மதிப்பிடுவதில்லை என்பதால், இந்த அடையாளமே அம்மீனின் பாதுகாப்புக்கு முதற்படியாயிற்று.

முட்காடும் கரைக்காடும்

பள்ளத்தாக்கின் தாவரங்களைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம். ஆற்றிலிருந்து விலகிய நிலத்தில், நீரிழப்பைக் குறைக்கும் சிற்றிலைகளும் முட்களும் கொண்ட வேல மரங்கள், உசிலை, இலந்தை, கிளுவை, சதுரக்கள்ளி ஆகியவை இடைவெளி விட்டு வளர்ந்திருக்கின்றன. ஆற்றின் இரு கரைகளிலும் நீர்மருது, நாவல், புங்கம், புளி முதலிய உயர்ந்த மரங்கள் அடர்ந்து, வெப்பம் மிக்க மாதங்களிலும் பசுமை குன்றாத குறுகிய நிழற்பட்டையாக நிற்கின்றன. முட்காட்டின் விலங்குகள் கோடையில் உயிர் பிழைப்பது இக்கரைக்காட்டை நம்பித்தான்.

திறந்த புல்வெளியை விரும்பும் வெளிமான், காட்டின் ஓரங்களில் தனித்து வாழும் நாற்கொம்பு மான், பிணந்தின்னியான கழுதைப்புலி ஆகிய மூன்றும் ஒருசேர வாழும் பள்ளத்தாக்குகள் தமிழகத்தில் மிகச் சிலவே. புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய வேட்டை விலங்குகளும், ஆற்றில் முதலைகளும் நீர்நாய்களும் இங்குள்ளன. முதுமலை 2007-இலும் சத்தியமங்கலம் 2013-இலும் புலிகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. வடக்கே பந்திப்பூரும் பிலிகிரிரங்கன் மலையும் தொடர்வதால், இப்பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலமாகிறது. யானைகள் பருவந்தோறும் இவ்வழியே இடம்பெயர்கின்றன. கோடையில் பவானிசாகர் நீர்த்தேக்கம் வற்றும்போது, வெளிப்படும் வண்டல் நிலத்தில் முளைக்கும் புல்லைத் தேடி அவை கூட்டமாக இறங்குகின்றன. சீகூர் யானை வழித்தடம் குறித்துத் தமிழக அரசு 2010-இல் வெளியிட்ட அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்ததற்கு இந்த இணைப்பின் முதன்மையே அடிப்படை.

வெளியிலிருந்து வந்த தாவரங்கள் இரண்டு இச்சமநிலையைக் குலைத்துள்ளன. சீகூர் மேட்டுநிலத்தில் உண்ணிச்செடி புதராகப் பரவிப் புல் வளரும் இடத்தை மறைக்கிறது. கீழ்ப்பள்ளத்தாக்கில் சீமைக்கருவேலம் வெளிமான்களின் திறந்த வெளிகளைக் காடாக மாற்றுகிறது. சீமைக்கருவேலத்தின் இனிப்பான காய்களை மாடுகளும் மான்களும் விரும்பித் தின்பதாலும், அவற்றின் குடலில் செரிக்காத விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் புதிய இடங்களில் விழுந்து முளைப்பதாலும், தன் வாழிடத்தை அழிக்கும் மரத்தை வெளிமானே பரப்பும் நிலை உண்டாகியுள்ளது.

பாறுகளின் புகலிடம்

தமிழகத்தில் பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகள் இன்றும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் முதன்மையான இடம் இப்பள்ளத்தாக்கே. வெண்முதுகுப் பாறு ஆற்றங்கரை நீர்மருதுகளின் உச்சியில் கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு செங்குத்தான பாறை விளிம்புகளைத் தேடுகிறது. செம்முகப் பாறும் மஞ்சள்முகப் பாறும் குறைந்த எண்ணிக்கையில் காணப்படுகின்றன. வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடுவதால், இறந்த பறவைகளின் இடத்தை நிரப்ப அதற்குப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

1990-களின் தொடக்கத்துக்கும் 2007-க்கும் இடையே இந்தியா முழுவதும் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மடிந்தன. கால்நடைகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே இதற்குக் காரணம் என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் கண்டறிந்தது. மருந்து செலுத்தப்பட்ட சில நாட்களுக்குள் இறந்த மாட்டைத் தின்னும் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மீது படிகமாகப் படிய, அது விரைவில் இறக்கிறது. ஒரே சடலத்தில் பல பறவைகள் கூடித் தின்பதால், நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இம்மருந்து இருந்தாலே ஓர் இனம் சரிந்துவிடப் போதுமானது என்று கணக்கிடப்பட்டுள்ளது. இந்தியாவில் கால்நடைப் பயன்பாட்டுக்கு டைக்ளோஃபினாக் 2006-இலும், கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய இரண்டும் 2023-இலும் தடை செய்யப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கற்ற மாற்றாக மெலாக்சிகாம் கிடைக்கிறது.

மாயாற்றில் பாறுகள் தப்பியதற்கு, புலியும் செந்நாயும் வேட்டையாடி விட்டுச்செல்லும், மருந்து கலவாத காட்டு விலங்குகளின் எச்சங்கள் அவற்றுக்குக் கிடைத்தது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எனினும் பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பறந்து இரை தேடக்கூடியது. காப்பகத்தின் எல்லைக்கு வெகு தொலைவில் போடப்படும் ஓர் ஊசியும், மாட்டைக் கொன்ற புலியைப் பழிவாங்கச் சடலத்தில் தடவப்படும் நஞ்சும் அதன் கூட்டை வெறுமையாக்கப் போதும்.

மனிதர் வாழ்வு

இருளர் முதலிய பழங்குடிகள் தேன் எடுத்தும், கேழ்வரகும் சாமையும் விளைவித்தும் இங்கு நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றனர். கோவைச் சமவெளியையும் மைசூரையும் இணைத்த கஜலட்டிக் கணவாய் வழியாகவே திப்பு சுல்தானின் படை 1790-இல் கீழிறங்கிச் சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயப் படையுடன் மோதியது. ஒய்சளர் காலத்துத் தண்டநாயக்கன் கோட்டை, 1955-இல் முடிவுற்ற பவானிசாகர் அணையின் நீருக்குள் மூழ்கி, நீர்மட்டம் மிகக் குறையும் ஆண்டுகளில் மட்டும் வெளிப்படுகிறது.

உணவு உற்பத்தியைப் பெருக்கும் நோக்கில் 1948-இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுப் பண்ணையே தெங்குமரஹாடாவை இன்றைய வடிவில் ஆக்கியது. நெல், வாழை, மஞ்சள், மிளகாய் விளையும் இவ்வூர் நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது; ஆயினும் ஈரோடு மாவட்டப் பவானிசாகரிலிருந்து காட்டுச் சாலை வழியே வந்து ஆற்றைக் கடந்துதான் ஊரை அடைய முடியும். மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்கும் ஆற்றைத் தாண்ட வேண்டிய இம்மக்களை வெளியே குடியமர்த்தும் திட்டம் நெடுநாட்களாகப் பேசப்பட்டுவருகிறது. புலிகள் காப்பகப் பகுதிகளிலிருந்து விருப்பத்தோடு வெளியேறும் குடும்பத்துக்கு ஒன்றிய அரசின் விதிமுறைப்படி 15 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. தெங்குமரஹாடா மக்கள் அரசின் அழைப்பை ஏற்றுக் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் என்பதால், அவர்களது ஒப்புதலும், வெளியே நிலமும் பிழைப்பும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லாமல் எடுக்கப்படும் எந்த முடிவும் நியாயமாகாது.

காப்பகம் என்று எல்லை வகுப்பதால் மட்டும் மாயாற்றுப் பள்ளத்தாக்கு காக்கப்பட்டுவிடாது. பைக்காராவின் மதகுகளில் மீன்களுக்கும் உரிய நீர் விடப்பட வேண்டும். சீகூர் வழித்தடம் கட்டடங்களுக்கு இரையாகாமல் திறந்திருக்க வேண்டும். நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்களில் தடை செய்யப்பட்ட மருந்துகள் விற்கப்படவில்லை என்பதை அதிகாரிகள் தொடர்ந்து உறுதிசெய்ய வேண்டும். மாடு வளர்ப்போர் தம் கால்நடைக்கு வலிநிவாரணி தேவைப்படும்போது மெலாக்சிகாமைக் கேட்டு வாங்குவதே, இப்பள்ளத்தாக்கைப் பார்த்திராதவர்களும் இதற்குச் செய்யக்கூடிய எளிய, பயன்மிக்க உதவி.