மலை உச்சியிலிருந்து வானொலி அழைப்பு... குடும்பத்தோடு போகலாமா?

மலையேறுவோம், படம் எடுப்போம், இறங்கிவிடுவோம். சிலருக்கு உச்சியில்தான் வேலையே ஆரம்பம்! பையிலிருந்து சிறிய வானொலிக் கருவியை எடுத்து, முன்பின் தெரியாதவர்களை அழைப்பார்கள்.

பக்கத்தில் குடும்பமும் இருந்தால்? "அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதைச் சமாளிப்பது எப்படி? முதலில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

* இது என்ன?

பெயர் 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்'. சுருக்கமாக 'சோட்டா'. 2002ஆம் ஆண்டு பிரிட்டனில் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. அமெச்சூர் வானொலி உரிமம் உள்ளவர்கள் பட்டியலில் உள்ள மலையில் ஏறி, அங்கிருந்து மற்றவர்களைத் தொடர்புகொள்வார்கள். வீட்டில் இருந்தபடி பதில் சொல்பவர்களுக்கும் புள்ளி உண்டு.

* ஏன் உச்சிக்குப் போகவேண்டும்?

கையடக்கக் கருவியின் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்லும். தரையில் நிற்பவருக்குச் சுமார் 6 கிலோமீட்டரில் பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும். 335 மீட்டர் உயரத்தில் அந்தத் தூரம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பக்கத்தில் உயரமான மலைகள் மறைக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். 5 வாட் கருவிகூடப் போதும்.

* எல்லா மலையும் பட்டியலில் இருக்குமா?

இல்லை. உயரம் மட்டும் போதாது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து மலை தனித்து எழுந்து நிற்கவேண்டும். பிரிட்டனில் அந்த எழுச்சி குறைந்தது 150 மீட்டர்.

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் வட்டாரத்தில் குடும்பங்கள் விரும்பி ஏறும் கேட்பெல்ஸ் குன்றின் உயரம் 451 மீட்டர். ஆனாலும் பட்டியலில் இல்லை. அதே வட்டாரத்தின் லஃப்ரிக் ஃபெல் 335 மீட்டர்தான். ஆனால் இருக்கிறது! சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற மலையைத் தேடும் பெற்றோருக்கு இது நல்ல செய்தி.

* விதிமுறைகள் என்ன?

- புள்ளி பெறக் குறைந்தது 4 வெவ்வேறு நிலையங்களைத் தொடர்புகொள்ளவேண்டும்
- உயரத்திற்கு ஏற்ப 1 முதல் 10 புள்ளி வரை கிடைக்கும்
- ஒரு மலைக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் புள்ளி
- வாகனத்திலிருந்து பேசக்கூடாது. எண்ணெயில் ஓடும் மின்னாக்கியும் கூடாது
- உச்சியிலிருந்து 25 மீட்டர் உயர வித்தியாசத்திற்குள் இருக்கலாம்

கடைசி விதி குடும்பங்களுக்கு ரொம்ப உதவும். காற்று அடிக்கும் முனையில் பிள்ளைகளை உட்காரவைக்கத் தேவையில்லை. கொஞ்சம் கீழே, பாறை மறைவில் உட்காரலாம்.

* பிள்ளைகள் என்ன செய்யலாம்?

குறிப்பேட்டை அவர்களிடம் கொடுங்கள். நேரம், அலைவரிசை, எதிர்முனையின் அழைப்புக்குறி மூன்றையும் அவர்கள் எழுதட்டும். ஏறும் வழியில் வானொலி எழுத்துமுறையில் பெயரைச் சொல்லிப் பழகலாம். மாலா என்றால் 'மைக், அல்ஃபா, லீமா, அல்ஃபா'.

பிள்ளைகளே பேசலாமா? அது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் உரிமம் பெற்றவரின் நேரடிக் கண்காணிப்பில் பேசலாம். சிங்கப்பூரில் அமெச்சூர் வானொலி உரிமத்தை வழங்குவது தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம். வெளிநாட்டில் கருவியை இயக்குமுன் அந்நாட்டு விதிகளைச் சரிபாருங்கள்.

* எதில் கவனம் தேவை?

நடக்கும்போது உடல் சூடாக இருக்கும். உட்கார்ந்ததும் குளிரும். பேசுபவருக்குக் கவனம் கருவியில் இருப்பதால் அது தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும்! கூடுதல் உடையும் சூடான பானமும் அவசியம். பேசுபவர் ஒருவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இடி கேட்டால் ஆன்டெனாவை உடனே இறக்குங்கள், மலையைவிட்டு இறங்குங்கள். வெட்டவெளியில் நிற்கும் கம்பம் மின்னலுக்கு வசதியான இலக்கு.

கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடத்தில் வானொலி உதவலாம். ஆனால் அதைமட்டும் நம்பி ஏறவேண்டாம். வரைபடம் எடுத்துச்செல்லுங்கள். திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பிரிட்டன் மலைகளில் ஆபத்து என்றால் 999ஐ அழைத்து முதலில் காவல்துறையையும், பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்கவேண்டும்.

* 4 தொடர்பு கிடைக்காவிட்டால்?

சில நாள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சில நாள் அழைத்துக்கொண்டே இருந்தாலும் பதில் வராது. போகும் நேரத்தை இணையத்தில் முன்கூட்டியே அறிவித்தால், காத்திருப்பவர்கள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

அதோடு, உச்சியில் எத்தனை நிமிடம் என்பதை ஏறுமுன்பே பிள்ளைகளோடு பேசி முடிவுசெய்யுங்கள். நேரம் முடிந்தால் மூன்றோடு நின்றாலும் கருவியை அணைத்துவிடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த முறை கூப்பிட்டால் பிள்ளைகள் வருவார்களா என்பதுதான் முக்கியம்.