இணையத்தளம் செய்விக்கும் வியாபாரிகள் திரையின் அகலத்தைக் கேட்டறிய வேண்டும்

நமது பிரதேசத்து வியாபாரிகள் பலர் கடைக்கென்று இணையத்தில் இயங்கும் ஒரு மென்பொருளைச் செய்வித்துக்கொள்ள விரும்புகின்றனர். கையிருப்புப் பார்ப்பது, ஓடர் எடுப்பது, கடன் கொப்பியைக் கணனிக்கு மாற்றுவது எனத் தேவைகள் பல. அதைச் செய்து தர வரும் தம்பி, "எந்த ரெசலூஷனுக்குச் செய்வது காக்கா?" என்று கேட்பார். நம்மவரோ, "அது உங்களுக்குத் தெரியும்தானே, நல்லாச் செய்யுங்க" என்று சொல்லி அட்வான்ஸையும் கொடுத்துவிடுவார். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

ரெசலூஷன் என்பது திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்ற கணக்கு. ஒரு புள்ளிக்குப் பிக்ஸல் என்று பெயர். 1987ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த விஜிஏ திரையில் 640 × 480 புள்ளிகள். பிறகு 800 × 600, அதன் பின் 1024 × 768 என்று கூடிக்கொண்டு வந்தது. இணையத்தள வடிவமைப்பில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2006இல் 1024 × 768 அளவை மனதிற்கொண்டு பக்கங்களைச் செய்யுமாறு ஆலோசனை கூறினார். அந்தக் காலத்தில் தம்பியின் கேள்விக்கு ஒரே எண்ணில் விடை சொல்ல முடிந்தது. ஏனெனில் வாடிக்கையாளரும் கணனியின் முன்னால்தான் அமர்ந்திருந்தார்.

இன்று அவர் எங்கே இருக்கிறார்? கல்முனை மொத்தக் கடையிலிருந்து சரக்கெடுக்கும் நாவிதன்வெளிச் சில்லறைக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். மாரி மழையில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து பாதை தடைப்பட்ட நாட்களை நாம் கண்டிருக்கிறோம். அப்படியான நாளில் சவளக்கடையிலோ மத்தியமுகாமிலோ உள்ள கடைக்காரர் எந்தச் சரக்கு இருக்கிறது, என்ன விலை என்று பார்ப்பது கையிலுள்ள போனில்தான். நீங்கள் செய்வித்த பக்கம் லெப்டொப்பின் அகலத்துக்கு அமைந்திருந்தால் பொருளின் பெயர் தெரியும், விலை திரைக்கு வெளியே வலது பக்கம் கிடக்கும். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக் களைத்து, வேறு கடைக்கு வட்ஸ்அப் அனுப்பிவிடுவார். நீங்கள் ஒரு ஓடரை இழந்தது உங்களுக்கே தெரியவராது.

"இப்போதைய போன்களில் 1080 புள்ளி அகலம் இருக்கிறதே, லெப்டொப்புக்கு நிகர்தானே?" என்று சிலர் கேட்கலாம். பலரும் தடுமாறும் விடயம் இது. 2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 320 × 480. அன்றைய தளங்கள் கணனிக்கென்றே செய்யப்பட்டவை. ஆகவே அந்தப் போன், தன் திரை 980 பிக்ஸல் அகலம் என்று பாவித்துப் பக்கத்தை வரைந்து, பின் சுருக்கிக் காட்டியது. எழுத்துகள் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தன. பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் என்ற ஒரு வரியைச் சேர்த்தால்தான் போனின் உரிய அகலத்துக்கு வரையும். 2010இல் ஐபோன் 4 வந்தபோது புள்ளிகள் 640 × 960 ஆகின. ஆனால் பக்கத்துக்குக் கிடைத்த அகலம் அதே 320தான். 2013இன் சம்சுங் கெலக்ஸி எஸ்4 போனில் 1080 புள்ளிகள் இருந்தும் பக்கம் அறிந்த அகலம் 360. அதாவது மூன்று புள்ளிகள் சேர்ந்து ஒன்றாக நின்றன.

மருதமுனை நெசவாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நூலின் நெருக்கம் கூடினால் சாரன் நயமாகும், அகலமாகாது. போன் பெட்டியில் அச்சிட்டிருப்பது நூலின் நெருக்கம். பக்கம் செய்பவருக்கு வேண்டியது துணியின் அகலம்.

ஆகவே தம்பியின் கேள்விக்கு இன்று ஒற்றை எண் விடையாகாது. 2010 மே மாதம் ஈத்தன் மார்கொட் என்ற வடிவமைப்பாளர், திரையின் அகலத்துக்கேற்பத் தானே விரிந்து ஒடுங்கும் பக்கத்தைப் பற்றி எழுதினார். அந்த முறையே பிறகு உலகமெங்கும் பரவியது. ஒடுங்கிய பக்கத்திலிருந்து தொடங்குவதே நமக்கு நல்லது. முதலில் 360இல் சரிவரச் செய்து, பின் அகலத்துக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். 320இலும் பார்க்கச் சொல்லுங்கள். 2018இல் வெளிவந்த சர்வதேச அணுகல் வழிகாட்டி, 320 அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் வாசிக்க முடிய வேண்டும் என்கிறது. கண் பார்வை குறைந்தவர் 1280 அகலக் கணனியில் எழுத்தை நான்கு மடங்காக்கினால் மிஞ்சுவதும் இதே 320தான். நம் கணக்குப்பிள்ளைகளில் மூக்குக் கண்ணாடி போடாதவர் எத்தனை பேர்?

காரியாலயக் கணனியில் வேறொரு தொல்லை. அங்கே அகலம் தாராளம், உயரம்தான் போதாது. 1366 × 768 திரையில் மேலே உலாவியின் பட்டைகளும் கீழே விண்டோஸ் பட்டையும் போக மிஞ்சுவது 600 சொச்சம்தான். பில்லைச் சேமிக்கும் பொத்தான் அதற்குக் கீழே போய்விட்டால் ஒவ்வொரு பில்லுக்கும் சுட்டியை உருட்ட வேண்டும். நாளைக்கு இருநூறு பில் போடும் பொடியனிடம் கேட்டுப் பாருங்கள். 1920 × 1080 என்று விற்கப்படும் லெப்டொப்பும் எழுத்தை 150 சதவீதமாக்கி வைத்தால் 1280 × 720க்குச் சமனாகிவிடும்.

தமிழில் செய்விப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வடிவமைப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லைப் போட்டு மாதிரி காட்டுவார்கள், அழகாக இருக்கும். அங்கே "ஓகே" இருந்த பொத்தானில் "உறுதிப்படுத்துக" என்று போட்டதும் எழுத்து வெளியே வழியும். கொம்பும் சுழியும் உள்ள நம் எழுத்துக்கு வரிகளுக்கிடையில் உயரமும் கூடுதலாக வேண்டும். மாதிரியைத் தமிழிலேயே காட்டச் சொல்லுங்கள். பொத்தான் விரலுக்கு அடங்க வேண்டும். அப்பிள் 44 என்றும் கூகுள் 48 என்றும் அளவு சொல்கின்றன. ஐபோனில் நிரப்பும் கட்டத்தின் எழுத்து 16க்குக் குறைந்தால் தொட்டவுடன் திரை தானாகப் பெருத்து இடம் மாறிவிடும்.

புள்ளியின் நெருக்கம் உண்மையில் பயன்படுவது படங்களுக்குத்தான். துணி வியாபாரிக்குக் கரையும் இழையும் தெளிவாகத் தெரிய வேண்டும். 360 அகல இடத்துக்கு 720 புள்ளிப் படம் பெரும்பாலும் போதும். 4000 புள்ளிப் படத்தை அப்படியே ஏற்றினால் வாடிக்கையாளரின் டேட்டாதான் கரையும்.

இவற்றை வாயால் பேசி முடிக்காமல் கொட்டேஷனிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தவணையுள்ள கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு சூரத்துல் பகராவில் நமக்குப் பணிக்கப்பட்டிருக்கிறது. 320, 360, 1366 × 768 ஆகிய மூன்றிலும், தமிழ் எழுத்தோடு, பக்கவாட்டில் தள்ளாமல் இயங்க வேண்டும் என்று ஒரு வரி போதும். பல நிரல்களைக் கொண்ட கணக்கு அட்டவணைக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், தம்பியின் லெப்டொப்பில் பார்க்காமல், கடையில் வேலை செய்பவரின் பழைய போனை வாங்கி, முற்றத்து வெயிலில் நின்று, ஒரு மூடை அரிசிக்கு நீங்களே ஓடர் போட்டுப் பாருங்கள்.