உங்களுக்குத் தெரியுமா? மன்னனைப் பழிதீர்த்த கொல்லன்

ஜெர்மானிய, நார்ஸ் பழங்கதைகளில் கொல்லர்களுக்கெல்லாம் தலைவன் வேலண்ட். ஆங்கிலேயரின் பழங்காப்பியமான பேவுல்ஃபில் நாயகன் அணியும் கவசமும் அவன் கைவேலைதான். நீதுத் என்ற மன்னன் அவனைச் சிறைபிடித்து, தப்பி ஓடாதபடி கால் நரம்புகளை அறுத்து, ஒரு தீவில் தனக்காகவே நகை செய்ய வைத்தான். வேலண்ட் பழிதீர்த்த விதம் குலைநடுங்க வைப்பது. உலைக்களத்துக்குப் பொன்னாசையோடு வந்த இரண்டு இளவரசர்களைக் கொன்றான். மண்டையோடுகளை வெள்ளியில் பதித்து மன்னனுக்குக் கிண்ணங்களாக அனுப்பினான். கண்கள் அரசிக்கு மணிகளாயின, பற்கள் இளவரசிக்கு மார்பணியாயின. பிறகு நடந்ததை மன்னனிடமே சொல்லிவிட்டு வானில் பறந்து மறைந்தான்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பிராங்க்ஸ் பேழை, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிங்கில எலும்பில் செதுக்கப்பட்டது. அதில் வேலண்ட் ஒரு கையில் குறட்டால் தலையைப் பிடித்தபடி, மறு கையால் ஒரு பெண்ணிடம் கிண்ணத்தை நீட்டுகிறான். காலடியில் தலையற்ற உடல் கிடக்கிறது. வியப்பு என்னவென்றால், பக்கத்திலேயே குழந்தை இயேசுவை ஞானிகள் வணங்குகிறார்கள்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கற்கால ஈமச்சின்னம் ஒன்று ‘வேலண்டின் உலைக்களம்’ என்றே அழைக்கப்படுகிறது. அங்கே குதிரையைக் கட்டி, ஒரு காசும் வைத்துவிட்டுப் போனால், யார் கண்ணிலும் படாமல் அவன் லாடம் அடித்துவைப்பான் என்பது அவ்வூர் நம்பிக்கை.