முக்கோணக் குறியை நம்பலாமா?

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் அம்புக்குறி முக்கோணம் இருந்தால், அது மறுசுழற்சிக்குப் போய்விடும் என்று பலரும் நம்புகிறோம். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த அந்தக் குறி, 1 முதல் 7 வரையிலான எண்ணால் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. எண் 1 போட்ட தண்ணீர் பாட்டிலைக் காயலான் கடைக்காரர் எடைபோட்டு வாங்குவார். பிளாஸ்டிக்கோடு அலுமினியப் பூச்சும் சேர்ந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பெரும்பாலும் தொடமாட்டார். அதைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது.

‘குப்பை வண்டியில் எல்லாம் ஒன்றாகத்தானே சேர்கிறது, வீட்டில் பிரித்து என்ன பயன்?’ என்று கேட்கலாம். சில தெருக்களில் அது உண்மைதான். ஆனால் சாம்பார் ஊறிய காகிதம் வண்டி வருவதற்கு முன்பே வீணாகிவிடுகிறது. பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் அதற்கு விலை உண்டு. சுத்தமாக இருந்து, வாங்க ஆளும் இருந்தால்தான் குப்பை மறுபடி பொருளாகும்.