வாசலில் ஒரு வழக்கு

கோணேசபுரி வளாகத்துக்கு விரிவுரையாளர் தேவை என்று விளம்பரம் வந்தால், திருகோணமலைப் பட்டதாரிகள் முதலில் பார்ப்பது தங்கள் பட்டத்தின் வகுப்பைத்தான். முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவா? நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 721ஆம் இலக்கச் சுற்றறிக்கை (1997) போட்ட வழி அது. ஆளை முதலில் தகுதிகாண் விரிவுரையாளராக எடுத்துவிடுவார்கள். பட்டப்பின் படிப்பை உள்ளே வந்தபின் முடிக்கலாம். முடிக்காவிட்டால் பதவி நிரந்தரமாகாது.

தமிழ்நாட்டில் சண்டை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. 1991இல் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), கல்லூரி விரிவுரையாளருக்கு 'நெட்' எனும் தேசியத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. பிறகு விலக்குகள் வரத் தொடங்கின. 1993 டிசம்பர் 31க்குள் எம்.ஃபில் முடித்தவருக்கு விலக்கு என்றார்கள். 2006இல் இளங்கலை வகுப்பெடுக்க எம்.ஃபில்லே போதும் என்றானது. அஞ்சல் வழியிலும் எம்.ஃபில் படித்தார்கள். 2009 ஜூலை 11இல் கதவு அடைபட்டது. நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வு வேண்டும்; இல்லையென்றால் 2009 விதிகளின்படி வாங்கிய முனைவர் பட்டம். அதற்கு முன் வாங்கியது செல்லாக்காசு.

பழைய பட்டக்காரர்களை விட்டுவிடலாம் என்று 2010இல் யுஜிசியே இரண்டு முறை தீர்மானித்தது. மத்திய அரசு மறுத்துவிட்டது. டெல்லி, சென்னை, ராஜஸ்தான் உயர் நீதிமன்றங்கள் புதிய விதியை ஏற்றன. அலகாபாத் மட்டும் மாறாகச் சொன்னது. கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் பி. சுசீலா எதிர் யுஜிசி வழக்கு (பாடகியை நினைக்க வேண்டாம்). 2015 மார்ச் 16இல் நீதிபதிகள் தாக்கூரும் நரிமனும் தீர்ப்பளித்தார்கள்: நியமனம் ஆகும்வரை பழைய விதி யாருக்கும் உரிமையாகிவிடாது.

சட்டம் சரிதான். ஆனால் அரசு தந்த விலக்கை நம்பி ஆய்வில் இறங்கியவரின் வருடங்களுக்கு யார் கணக்குச் சொல்வது? அதை நீதிமன்றத்திடம் கேட்பதைவிட அரசிடம் கேட்பதே முறை. மறு வருடமே பதில் வந்தது. 2009 ஜூலை 11க்கு முன் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு விலக்கை 2016இல் யுஜிசி திருப்பித் தந்தது. வெளித் தேர்வாளர் இருவராவது ஆய்வேட்டை மதிப்பிட்டிருக்க வேண்டும், வாய்மொழித் தேர்வு பலர் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும், இரண்டு கட்டுரைகள் அச்சேறியிருக்க வேண்டும் என்று சில நிபந்தனைகள். தீர்ப்பில் தோற்றது திருத்தத்தில் கிடைத்தது. அவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடிந்ததை அத்தனை வருடம் ஏன் பிடித்து வைத்திருந்தார்கள்?

நம் பக்கத்தில் நியமனம் கிடைக்காதவரும் பதவி நிரந்தரமாகாதவரும் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்பவர்களும் உண்டு. சமத்துவ உரிமை மீறப்பட்டது என்றால் உயர் நீதிமன்றம் (நம் நாட்டின் உச்ச நீதிமன்றம்). ஆனால் அதற்கு அரசியலமைப்பு தரும் அவகாசம் ஒரே ஒரு மாதம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு மனு போய்ச் சேரவேண்டிய அந்த ஒரு மாதத்தைப் பற்றி அடுத்த வாரம்.